பெயர் மாறினும் வழி மாறாமை

மலையகத் தேயிலைத் தோட்டங்களிலே 'பேர்' என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. ஒருநாள் வேலையைக் குறைவறச் செய்து முடித்தவருக்கு ஒரு பேர். குறித்த நிறைக்குக் கொழுந்து கொய்யாதவருக்கு அரைப் பேர். விடியற்காலையில் பிரட்டுக் களத்துக்கு வந்து, பனியிலும் மழையிலும் மலை ஏறி இறங்கினாலும், செக்ரோலில் பேர் விழுந்தால்தான் மாத முடிவிலே சம்பளம் உண்டு. பேர் விழவில்லையேல் சிந்திய வியர்வைக்குக் கணக்கில்லை. பெயர் என்பது வெறும் ஒலியன்று, அது ஒரு மனிதனின் உழைப்பையும் உரிமையையும் தாங்கி நிற்கும் பதிவு என்பதை மலையக மக்களைப் போல் பட்டறிந்தவர் சிலரே.

அத்தகைய பெயர்கள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. ஊர்ப் பெயர் மாறுகிறது. பயிரின் அறிவியற்பெயர் மாறுகிறது. பாடநூலின் கலைச்சொல் மாறுகிறது. ஒரு மக்கட் கூட்டத்தின் பெயரே மாறுகிறது. புதுப்பெயர் வந்தபின் பழம்பெயரோடு வந்து கேட்பவனுக்கு யார் விடை கூறுவது? பழைய ஏட்டிலே பழம்பெயரைக் கண்ட ஒருவன், இன்றைய அறிவுக்கு எந்த வழியாக வந்து சேர்வது? இவ்வினாவுக்கு இணையத்திலுள்ள கலைக்களஞ்சியங்கள் கண்டுள்ள விடை எளியது, ஆயினும் ஆழமானது. அதன் வரலாறு அறியத்தக்கது.

தமிழருக்கு இவ்வினா புதியதன்று. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகளை இயற்றிய ஆசிரியர்கள் ஒரு பொருளுக்கு வழங்கும் பல பெயர்களையும், ஒரு சொல்லுக்கு வழங்கும் பல பொருள்களையும் தனித்தனியே பகுத்து வைத்தனர். ஒருபொருட் பல்பெயர் என்பது ஒரு பிரிவு. ஒருசொற் பல்பொருள் என்பது மற்றொரு பிரிவு. மனித அறிவைத் தொகுக்கப் புகுந்த எவரும் இவ்விரண்டு இடர்ப்பாடுகளையும் சந்தித்தே ஆகவேண்டும் என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

அகரவரிசையில் பொருள்களைத் தொகுக்கும் முயற்சி தமிழில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே உருப்பெற்றது. யாழ்ப்பாணத்து மானிப்பாயைச் சேர்ந்த ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902ஆம் ஆண்டிலே அபிதானகோசத்தை வெளியிட்டார். ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910ஆம் ஆண்டிலே வெளிவந்தது. பின்னர்ச் சென்னைத் தமிழ் வளர்ச்சிக் கழகம், ம. ப. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை அளித்தது.

அச்சு நூலிலே ஒரு பொருளைப் பற்றிய கட்டுரை ஓர் இடத்தில்தான் அமைய இயலும். ஆகவே வேறொரு பெயரின்கீழ் அதனைத் தேடுவோருக்கென, அப்பெயருக்கு நேரே 'இன்னதனைக் காண்க' என்று ஒரு குறிப்பை இடுவர். இங்கிலாந்திலே சேம்பர்ஸ் என்பார் 1728ஆம் ஆண்டில் வெளியிட்ட கலைக்களஞ்சியம் இத்தகைய குறிப்புகளை விரிவாகக் கையாண்டது. பிரான்சிலே திதரோ 1751ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட பெருநூலும் அவ்வழியையே பின்பற்றியது. ஆயினும் அச்சு நூலுக்கு ஒரு குறை உண்டு. அச்சேறிய அன்றே அதன் தலைப்புகள் உறைந்துவிடுகின்றன. மறு ஆண்டே ஒரு பெயர் மாறினால், அடுத்த பதிப்பு வரும்வரை அந்நூல் பழம்பெயரையே சொல்லிக்கொண்டிருக்கும். அடுத்த பதிப்பு வந்தபோதோ, புதுப்பெயரை ஏற்றுப் பழம்பெயரை அறவே விட்டுவிடுதலும் உண்டு.

இக்குறைக்கு மாற்று இணையத்திலே பிறந்தது. விக்கிப்பீடியா என்னும் கட்டற்ற கலைக்களஞ்சியம் ஆங்கிலத்திலே 2001ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் தொடங்கப்பெற்றது. தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டிலே தோன்றியது. அதற்கு அடித்தளமிட்டு வளர்த்தவர்களுள் முதன்மையானவர் இலங்கைத் தமிழரான இ. மயூரநாதன் என்பது இந்நாட்டவர் பெருமை கொள்ளத்தக்க செய்தி. அக்கலைக்களஞ்சியத்திலே 'வழிமாற்று' என்று ஓர் ஏற்பாடு உண்டு. பழம்பெயருக்கென ஒரு பக்கம் இருக்கும்; ஆனால் அதிலே கட்டுரை இராது. 'இப்பெயரால் வருவோரை இன்ன பக்கத்துக்கு அனுப்புக' என்னும் ஒருவரிக் கட்டளை மாத்திரமே இருக்கும். படிப்பவன் பழம்பெயரை இட்டுத் தேடினால், கண்ணிமைக்கும் நேரத்தில் புதுப்பெயருள்ள கட்டுரைக்கு வந்துவிடுவான். எப்பெயரிலிருந்து அவன் அனுப்பப்பட்டான் என்பதும் தலைப்பின்கீழ்ச் சிறிய எழுத்தில் குறிக்கப்பட்டிருக்கும்.

இதனைத் தபாலோடு ஒப்பிடலாம். ஒரு குடும்பம் பொகவந்தலாவையிலுள்ள தோட்டத்தை விட்டு அக்கரப்பத்தனைக்குக் குடிபெயர்கிறது. பழைய முகவரிக்கு வரும் கடிதத்தை, அங்குள்ள நல்ல தபாற்காரர் 'ஆள் இல்லை' என்று திருப்பிவிடுவதில்லை. புதிய முகவரியை எழுதி அனுப்பிவைக்கிறார். வழிமாற்றின் பணியும் அதுவே.

ஒரு கட்டுரையின் தலைப்பை மாற்றும்போது நிகழ்வதும் கவனிக்கத்தக்கது. 'நகர்த்துதல்' எனப்படும் இச்செயலால் கட்டுரையும், அதனை எவர் எப்போது எவ்வாறு திருத்தினர் என்னும் வரலாறும் சேர்ந்தே புதுத்தலைப்புக்குச் செல்கின்றன. பழைய தலைப்பிலே வழிமாற்று ஒன்று தானாகவே அமைந்துவிடுகிறது. பெயரை ஏன் மாற்றவேண்டும், மாற்றலாகாது என்று வாதிடுவதற்குக் கட்டுரையை ஒட்டியே உரையாடற் பக்கம் ஒன்றும் உண்டு. அவ்வாதங்கள் பின்வருவோர் படிக்குமாறு அங்கேயே கிடக்கின்றன.

மலையகத்தின் உயிர்ப்பயிரான தேயிலையையே சான்றாகக் கொள்ளலாம். சுவீடன் நாட்டுத் தாவரவியலறிஞர் லின்னேயசு 1753ஆம் ஆண்டிலே இச்செடிக்குத் 'தேயா சினென்சிசு' என்று பெயரிட்டார். 1762ஆம் ஆண்டிலே கருந்தேயிலையும் பச்சைத்தேயிலையும் வெவ்வேறு செடிகளிலிருந்து கிடைப்பன என்று கருதி, அவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் தந்தார். அது பிழை, இரண்டும் ஒரே செடியின் இலை, பதப்படுத்தும் முறையே வேறு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. தேயா, கமேலியா என்னும் இரு பேரினங்களும் ஒன்றே என்ற கொள்கை வலுப்பெற, 1887ஆம் ஆண்டிலே ஒட்டோ குன்ட்சே என்பார் 'கமேலியா சினென்சிசு' என்னும் பெயரை அமைத்தார். இன்று உலகெங்கும் வழங்குவது அதுவே. அசாம் தேயிலையும் முன்னாளிலே தனி இனமாக எண்ணப்பட்டது. இப்போது அதே இனத்தின் ஒரு வகையாகக் கொள்ளப்படுகிறது.

ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டிலே லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட காலத்து நூல்களைப் புரட்டும் மாணவன் ஒருவன், அங்கே 'தேயா' என்னும் பெயரையே மிகுதியாகக் காண்பான். 1925ஆம் ஆண்டிலே நிறுவப்பெற்றுத் தலவாக்கலைச் சென்கூம்ஸ் தோட்டத்திலே நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் புதிய வெளியீடுகளிலே 'கமேலியா' என்பதையே காண்பான். இரண்டையும் இணைக்கும் வழி இல்லையேல், அவன் ஒரு செடியை இரண்டாக எண்ணி மயங்குவான். வழிமாற்று அம்மயக்கத்தைத் தீர்க்கிறது. கருந்தேயிலை, பச்சைத்தேயிலை பற்றிய லின்னேயசின் பிழையான பெயர்களும் நீக்கப்படாமல் கட்டுரைக்கே வழிகாட்டி நிற்றல் நன்று. பிழையான பெயரோடு வருபவனும் கதவடைக்கப்படாமல் உள்ளே வந்தால்தானே அது பிழை என்பதைக் கற்றுக்கொள்வான்?

பாடசாலைக்குள் வந்தாலும் இதே நிலைதான். யாழ்ப்பாணத்திலே அமெரிக்க மிசனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், 1847 முதல் 1873 வரையிலான காலத்திலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பிக்கவும் நூல்களை மொழிபெயர்க்கவும் முனைந்து, கலைச்சொல்லாக்கத்துக்கு வித்திட்டார். இலங்கை அரசகரும மொழித் திணைக்களம் 1950களிலும் 1960களிலும் பாடநூல்களுக்கெனச் சொற்றொகுதிகளை வெளியிட்டது. அவற்றின் வழியே இலங்கை மாணவர் இரசாயனவியல், பௌதிகவியல், ஒட்சிசன், நைதரசன் என்று கற்கின்றனர். தமிழ்நாட்டிலோ இரசாயனம் வேதியியலாயிற்று; பௌதிகம் இயற்பியலாயிற்று; வாயுக்களுக்கு ஆக்சிஜன், நைட்ரஜன் என்னும் வடிவங்கள் நிலைத்தன.

அட்டனிலோ கொட்டகலையிலோ உயர்தரம் பயிலும் தொழிலாளியின் மகள் ஒருத்தி, தேயிலைக்கு இடும் உரத்திலுள்ள நைதரசனைப் பற்றி அறிய விரும்பித் தன் பாடநூற் சொல்லை இணையத்திலே இடுகிறாள். கட்டுரையோ தமிழ்நாட்டு வடிவத்தைத் தலைப்பாகக் கொண்டிருக்கலாம். இடையே வழிமாற்று இல்லையேல் 'அத்தகைய பக்கம் இல்லை' என்னும் விடையே அவளுக்குக் கிட்டும். தன் மொழியிலே அவ்வறிவு இல்லை என்று அவள் எண்ணிவிடுவாள். உண்மையிலே அறிவு இருக்கிறது, வழிதான் இல்லை. எந்நாட்டுச் சொல் தலைப்பாக வேண்டும் என்று தமிழ் விக்கிப்பீடியாவிலே இலங்கையரும் இந்தியரும் பல்லாண்டுகளாக உரையாடி வந்துள்ளனர். தலைப்பு ஒன்றாகத்தான் இருக்கமுடியும். வழிகளோ எத்தனையும் இருக்கலாம் என்பதே அப்பூசலைத் தணிக்கும் மருந்து.

ஊர்ப்பெயர்களிலே இத்தேவை இன்னும் கூர்மையாகத் தோன்றும். ஹட்டன் என்றும் அட்டன் என்றும் ஒரே நகரம் எழுதப்படுகிறது. நுவரெலியா, நுவரேலியா என்பனவும் அவ்வாறே. தோட்டங்களுக்கு வெள்ளைக்காரத் துரைமார் தம் தாயகத்து ஊர்களையும் மலைகளையும் நினைந்து பெயரிட்டனர். அவை வாயில் நுழையாத தொழிலாளர், ஆற்றையோ பாறையோ கோயிலையோ அடையாளமாகக் கொண்டு தமிழிலே வேறு பெயரிட்டு வழங்கினர். இவ்வாறு ஒரு தோட்டத்துக்கு இரட்டைப் பெயர் அமைந்தது. சட்டப் பத்திரத்திலே ஒரு பெயர். தாலாட்டிலும் ஒப்பாரியிலும் மற்றொரு பெயர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தமிழகத்திலிருந்து ஆள் சேர்க்கும்போது தகரச் சீட்டு முறை கையாளப்பட்டது. மாவட்டத்தையும் தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் எழுத்தும் எண்களும் பொறித்த தகர வில்லையை அணிந்தே அம்மக்கள் கடல் கடந்தனர். வழியிலுள்ள அதிகாரிகள் அதனைப் பார்த்தே இன்னார் இன்ன தோட்டத்துக்கு உரியவர் என்று அனுப்பிவைத்தனர். அதுவும் ஒருவகை வழிகாட்டிதான். ஆனால் அது மனிதனைத் தோட்டத்துக்குக் கொண்டுசேர்த்ததேயன்றி, அவன் பேரப்பிள்ளையை அவன் வரலாற்றுக்குக் கொண்டுசேர்க்கவில்லை. பாட்டன் சொல்லிய தமிழ்ப் பெயரை மட்டும் அறிந்த பேரன், பழைய ஆங்கிலப் பதிவேட்டிலே அத்தோட்டத்தை எவ்வாறு கண்டுபிடிப்பான்? தமிழ்ப் பெயரிலிருந்து ஆங்கிலப் பெயருக்கு ஒருவர் வழி வகுத்து வைத்தாலன்றி இயலாது.

எல்லாவற்றினும் மேலாக நிற்பது மக்களின் பெயர். குடியேற்ற ஆட்சியின் ஏடுகள் அவர்களைக் 'கூலி' என்றே குறித்தன. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்னும் பிரிவினை தோன்றியது. கோ. நடேசய்யர் 1931ஆம் ஆண்டிலே அட்டனில் தொழிற்சங்கம் அமைத்த காலந்தொட்டுத் 'தொழிலாளர்' என்னும் மதிப்புள்ள சொல் ஊன்றத் தொடங்கியது. சி. வி. வேலுப்பிள்ளை போன்ற எழுத்தாளர் 'மலைநாட்டு மக்கள்' என்றனர். பின்னர் 'மலையகம்', 'மலையகத் தமிழர்' என்னும் பெயர்களை அம்மக்களே விரும்பித் தமக்குச் சூட்டிக்கொண்டனர்.

இப்பெயர்கள் வெறும் சொல்லாராய்ச்சிக்கு உரியன அல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் அம்மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். தந்தையும் பாட்டனும் இந்நாட்டிலே பிறந்ததற்குச் சான்று கேட்கப்பட்டபோது, ஒரே மனிதனின் பெயர் செக்ரோலில் ஒருவாறும் பிறப்புச் சான்றிதழில் வேறொருவாறும் இருத்தல் சிறு பிழையாக இருக்கவில்லை. வாழ்வையே புரட்டும் பிழையாயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இங்கே 'இந்தியத் தமிழர்' என்று அழைக்கப்பட்டவர், நீலகிரியிலே குடியேறியபின் 'சிலோன்காரர்' என்று அழைக்கப்பட்டனர். எந்நாட்டிலிருந்தாலும் மற்ற நாட்டின் பெயராலேயே சுட்டப்பட்ட மக்கள் அவர்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கியது.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு 8,39,504 பேரை 'இந்தியத் தமிழர்' என்று பதிந்தது. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலோ 'இந்தியத் தமிழர்' என்பதோடு 'மலையகத் தமிழர்' என்னும் பெயரும் அருகருகே இடம்பெற்றது. தலைப்பு மாறும் வேளையிலே பழம்பெயரையும் உடன்வைத்திருக்கும் வழிமாற்றின் நெறியே அங்கும் விளங்குகிறது.

ஆயினும் வழிமாற்றுக்கும் எல்லை உண்டு. இரு பெயர்களை ஒரு பக்கத்துக்கு இணைத்தல், அவ்விரண்டும் ஒரே பொருளைச் சுட்டுவன என்று உறுதி கூறுதலாகும். 'இந்தியத் தமிழர்' என்பதோ இந்தியாவில் வாழும் தமிழரையும் குறிக்கும். அதனைக் கண்ணை மூடிக்கொண்டு மலையகத் தமிழர் பக்கத்துக்கு அனுப்புதல் பொருந்தாது. அத்தகைய இடத்திலே 'பக்கவழி நெறிப்படுத்தல்' என்னும் வேறோர் ஏற்பாடு உண்டு. 'இச்சொல் இவற்றைக் குறிக்கலாம். வேண்டியதைத் தெரிவு செய்க' என்று அது நாற்சந்தியிலே வழிகாட்டி நிற்கும். நிகண்டு ஆசிரியர் வகுத்த இரு பிரிவுகளும் இவ்வாறு இக்காலத்தும் உயிர்பெறுகின்றன. வழிமாற்று ஒருபொருட் பல்பெயர்க்கு உரியது. பக்கவழி ஒருசொற் பல்பொருட்கு உரியது.

மற்றோர் இடரும் உண்டு. ஒரு பெயர் இருமுறை மாறினால், முதற்பெயர் இரண்டாம் பெயருக்கும், இரண்டாம் பெயர் மூன்றாம் பெயருக்கும் அனுப்பும் நிலை தோன்றும். முடிவின்றிச் சுற்றும் ஆபத்தைத் தவிர்க்கவேண்டி, அம்மென்பொருள் ஒருமுறை மட்டுமே வழிமாறிச் செல்லும். படிப்பவன் நடுவழியிலே நின்றுவிடுவான். இலங்கை வானொலியின் பெயரே இதற்கு நல்ல சான்று. 1925ஆம் ஆண்டிலே கொழும்பு வானொலியாகத் தொடங்கிய அது, 1949ஆம் ஆண்டில் 'ரேடியோ சிலோன்' ஆயிற்று. 1967ஆம் ஆண்டில் கூட்டுத்தாபனமாயிற்று. 1972ஆம் ஆண்டிலே நாடு குடியரசானபோது ஆங்கிலப் பெயரிலிருந்த 'சிலோன்' 'சிறீலங்கா' ஆயிற்று. இத்தகைய சங்கிலியிலே ஒவ்வொரு பழம்பெயரையும் இறுதிப் பெயருக்கே நேராக இணைத்துவிடவேண்டும். தானியங்கிகள் எனப்படும் சிறு நிரல்கள் இவ்விரட்டை வழிமாற்றுகளைத் தேடித் திருத்துகின்றன.

இனி, இழிவுபடுத்தும் பழம்பெயர்களை என்செய்வது என்னும் வினா எழும். 'கூலி' என்ற சொல்லை எந்தக் கட்டுரைக்கும் தலைப்பாக வைத்து அம்மக்களை அழைத்தல் தகாது. ஆனால் அச்சொல்லை அறவே துடைத்தெறிந்தால் நேர்வது யாது? நூறாண்டு ஆவணங்களும் அறிக்கைகளும் அச்சொல்லின் கீழேயே உள்ளன. அதனை அழித்துவிட்டால் மறைவது இழிவன்று. இழிவு செய்யப்பட்டதற்கான சான்றே மறையும். பழம்பெயரைத் தலைப்பிலிருந்து இறக்கி, வாயிற்காவலாக நிறுத்தி, வருவோரை மதிப்புள்ள பெயரிடம் அழைத்துச் செல்லுமாறு பணித்தலே அறிவுடைமை. வழிமாற்று செய்வது அதனையே.

இப்பணிக்குப் பெரும் பொருட்செலவில்லை. ஒரு வரி போதும். ஆனால் அவ்வரியை எழுத வல்லவர் இரு பெயர்களையும் அறிந்தவராக இருத்தல் வேண்டும். கவ்வாத்து என்றால் என்ன, முள்ளுக்குத்துதல் என்றால் என்ன, இன்ன தோட்டத்தைத் தொழிலாளர் எப்பெயரால் அழைத்தனர் என்பவற்றை அறிந்த முதியோர் லயங்களிலே இன்னும் வாழ்கின்றனர். இணையத்தை அறிந்த இளைஞரும் அதே லயங்களிலே வளர்கின்றனர். பாடசாலை மாணவர் தத்தம் தோட்டத்துப் பழம்பெயர்களைப் பெரியோரிடம் கேட்டு எழுதி, புதுப்பெயர்களோடு இணைத்துவைப்பாராயின், அது எந்தப் பாடத்துக்கும் குறையாத வரலாற்றுக் கல்வியாகும்.

தோட்டங்களிலே தாய்மார் கொழுந்து பறிக்கச் செல்லும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்துக்குப் 'பிள்ளைக் காம்பரா' என்று பெயர். இன்று அதன் பெயர்ப்பலகையிலே 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று எழுதப்படுகிறது. புதுப்பெயர் நல்ல பெயரே. ஆயினும் முதியவள் ஒருத்தி 'பிள்ளைக் காம்பரா எங்கே?' என்று வழி கேட்டால், அந்தப் பலகையைச் சுட்டிக் காட்ட ஒருவராவது அங்கே இருத்தல் வேண்டும்.